நாலு காட், அஞ்சு பேர்

எங்கள் நண்பர் வட்டத்தில் இப்போது எல்லோருக்கும் கப்பல் பைத்தியம் பிடித்திருக்கிறது. டொராண்டோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போய் கொத்துரொட்டித் தட்டோடு ஒரு மூலையில் நின்றால் போதும், ஒருவர் கரீபியன் போய்வந்த கதை சொல்லுவார், இன்னொருவர் அலாஸ்கா போகப்போகிற கதை சொல்லுவார். போன மாதம் ஒருவர் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் எல்லாம் பார்த்துவரும் பயணத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு பகல் இறங்கி ஊர் பார்க்கலாமாம். பின்னேரம் திரும்பி ஏறினால் சாப்பாடு மலைபோலக் குவிந்திருக்குமாம்.

“உவரைக் கேக்காதேங்கோ அண்ணை,” என்றாள் என் மனைவி. “உவருக்குக் கப்பல் எண்டாப் பயம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சபை நாகரிகம் கருதி நானும் சிரித்தேன். உண்மையில் தண்ணீரைக் கண்டு எனக்குப் பயமில்லை. கப்பல் தாழுமோ என்றும் நான் யோசிப்பதில்லை. என் உடம்பு இருக்கிற இருப்புக்கு நானே ஒரு மிதவை. எனக்குப் பயம், கரையில் இறங்குவதும் திரும்ப ஏறுவதும்தான். இறங்கியது எத்தனை பேர், ஏறப்போவது எத்தனை பேர் என்கிற கணக்கு. இன்றைக்கும் விமான நிலையத்தில் போர்டிங் பாஸ்களை நான் எண்ணி, மனைவியைக் கொண்டு எண்ணுவித்து, பிறகு நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் நானே எண்ணுவேன். “டாட், வி ஆர் ஒன்லி ஃபோர்,” என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். அதுதானே பிரச்சினை என்று நான் அவர்களிடம் சொல்வதில்லை.

இதெல்லாம் என் ஒன்பது வயதில் பினாங்கில் கழிந்த ஒரு பகலால் வந்த வினை.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், என் குட்டித் தங்கச்சி. ஐந்தாவதாக ஒருவரும் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தார், ஆள் மட்டும் இல்லை. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா. கனடாவுக்கென்று ஓர் ஏஜென்சிக்காரனை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டவர், பினாங்குவரை வந்து அங்கே மாட்டுப்பட்டுப் போனார். ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டோடு மாயமாகிவிட்டான். மாமா ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, பொலிஸைக் கண்டால் ஒழுங்கைக்குள் ஒதுங்கிக்கொண்டு, முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் போக முடியாமல் வருடக்கணக்காக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய டெலிபோன் வரும். அம்மா சிரித்துக்கொண்டுதான் பேசத் தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் குசினிக் கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்த வருடம் எங்களுக்கு முதன்முதலாகக் கனடியப் பாஸ்போர்ட் எடுக்கிற தகுதி வந்தது. அதற்குப் படம் பிடிக்கச் சில மாதங்களுக்கு முன்பே அப்பா மீசை வளர்க்கத் தொடங்கினார். அதுவரை ஒருநாள் தவறாமல் முழுச் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போன மனிதர். மீசை அடர்ந்ததும் அச்சு அசல் மாமாவாகிவிட்டார். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அப்பாவும் அம்மாவும் மச்சான் மச்சாள், அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும். எங்கள் குடும்பத்தில் இப்படி உள்ளுக்குள்ளேயே கட்டிக் கட்டி, பழைய படங்களில் யார் யாரென்று பின்பக்கத்தில் எழுதி வைத்தால்தான் கண்டுபிடிக்கலாம் என்கிற நிலைமை.

ஒருநாள் அஜின்கோர்ட்டில் ஒரு கடைத்தொகுதிக்கு முன்னால் கார் நின்றது. அம்மா தங்கச்சியோடு மரக்கறி வாங்கப் போயிருந்தார். நான் பின் சீற்றில் நித்திரை போலக் கிடந்தேன். விழித்திருந்தால் பை தூக்க வேண்டும். முன் சீற்றில் அப்பாவும் அவருடைய கூட்டாளி ஒருவரும். அந்த அங்கிளுக்கு உலகத்தில் எந்த நாட்டு வாசலில் இறுக்கம், எந்த வாசலில் தளர்வு என்பதெல்லாம் அத்துப்படி.

“பினாங்கு ஏர்போட் சரிவராது,” என்றார் அங்கிள். “அங்கை முகத்தைப் பாப்பாங்கள். கப்பல் எண்டால் ஒருத்தனும் பாக்கமாட்டான். ஏறேக்கையே பாஸ்போட்டை வாங்கி வைச்சிட்டு ஆளுக்கு ஒரு காட், சின்ன அட்டை, தருவாங்கள். அதிலை படம் இல்லை. நாலு தலை இறங்கினால் நாலு தலை ஏறவேணும், அவ்வளவுதான் அவங்கட கணக்கு. எந்தத் தலை எண்டு கேக்கமாட்டாங்கள்.”

“அப்ப அவன் ஏறினால் எங்களிலை ஒராள் அங்கை நிக்கவேணும்.”

“நிக்கத்தான் வேணும். ஆரை விடப்போறாய்?”

“அது என்ரை பாடு,” என்றார் அப்பா. “மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

அதற்குள் அம்மா பைகளோடு வந்துவிட்டார். நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். என் மூளை மட்டும் ஓடத் தொடங்கியது. மாமா வந்தால் ஐந்து பேர். காட் நாலு. ஒராள் பினாங்கில் நிற்க வேண்டும். அம்மா நின்றால் சமையல் இல்லை. அப்பா நின்றால் சம்பளம் இல்லை. தங்கச்சியை விடமாட்டார்கள், அவள் வீட்டின் செல்லம். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவைப்படவில்லை.

அதோடு எனக்கெதிராகச் சாட்சியமும் இருந்தது. ரிப்போர்ட் காட் வரும் போதெல்லாம் “உன்னைக் கொண்டுபோய் எங்கையாவது விட்டிட்டு வாறன்” என்பது அப்பாவின் வழக்கமான வசனம். அந்த மாதம்தான் நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கார்ட்டூன் பார்க்கப் போய், கீழ்வீட்டு மனுசியின் கட்டிலுக்கு மேலே மழை பெய்யவைத்திருந்தேன். அன்றைக்கு அப்பா அடிக்கவில்லை. “உனக்குப் பிறகு வைச்சுக்கொள்ளுறன்,” என்று மட்டும் சொன்னார். அந்தப் பிறகு எது என்று எனக்கு இப்போது விளங்கிவிட்டது.

அம்மாவிடம் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் நான் நித்திரை கொள்ளாமல் கிடந்தது வெளியே வரும், பை தூக்காமல் ஏமாற்றியதும் சேர்ந்து வரும். நாடு கடத்தலைவிட அது பெரிய குற்றம் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியது.

சிங்கப்பூரில் தூரத்துச் சொந்தம் ஒன்றின் கல்யாணத்தைச் சாட்டிப் புறப்பட்டோம். கல்யாணம் முடிந்ததும் கப்பல். பிள்ளைகளுக்குக் கப்பல் காட்டவேண்டும் என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். வரவேற்பு மேசையில் நின்ற பெண் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு நாலு காட் தந்தாள். பேரும் அறை இலக்கமும் மட்டும்தான். நான் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். படம் இல்லை. அங்கிள் சொன்னது சரி.

என்னுடையது மஞ்சள் நிறம், சிறுபிள்ளைகளுக்கான காட். மீசை வைத்த முப்பது வயது மனிதர் மஞ்சள் காட்டைக் காட்டிக்கொண்டு எப்படி ஏறுவார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பயம் பிடித்துவிட்டால் எனக்குக் கூட்டல் மட்டும்தான் வரும், மற்ற அறிவெல்லாம் ஒளித்துவிடும். இந்தக் குணம் வளர்ந்த பிறகும் மாறவில்லை. என் காட்டை நானே வைத்திருப்பேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். மற்ற மூன்றும் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தன. காலையிலும் பின்னேரத்திலும் அவர் குளிக்கப்போகும்போது அந்தப் பைக்குள் கைவிட்டு எண்ணினேன். எத்தனை முறை எண்ணினாலும் மூன்று குட்டி போடவில்லை.

என்னை இன்னும் கலங்கடித்தது அப்பாவின் அன்பு. கப்பலில் அவர் என்னை ஒருமுறைகூட அதட்டவில்லை. சாப்பாட்டுக்கு முன்பு ஐஸ்கிரீம், சாப்பாட்டுக்குப் பிறகும் ஐஸ்கிரீம். நீந்தத் தெரியாத மனிதர் என்னோடு நீச்சல் குளத்தில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் பக்தர்போல நின்றார். சப்பாத்துக் கயிற்றை இரண்டு முடிச்சாகக் கட்டப் பழக்கினார். அம்மாவுக்குத் தலையிடி வந்தால் எந்தப் பைக்குள் எந்த மருந்து என்று எடுத்துக் காட்டினார். பினாங்கில் இறங்குகிற அன்று காலை தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டி, கடைசி ஓட்டையிலும் நிற்காமல் அது முழங்கைவரை ஓடியபோது, “வளர வளரச் சரிவரும்,” என்றார். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு இப்படித்தான் குழை வெட்டிப் போடுவார்கள் என்று அவரே முன்பொருநாள் சொல்லியிருந்தார்.

கரையில் இறங்கியபோது வெயில் தலையில் கொட்டியது. அம்மாவின் தோளில் ஒரு பாரமான பை. அதற்குள் ஸ்காபரோவில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், ஒரு வருடத்துக்குக் காணும். அன்று பின்னேரமே எங்களோடு கப்பல் ஏறப்போகிற தம்பிக்கு எதற்கு இவ்வளவு தூள் என்று அம்மாவும் யோசிக்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

துறைமுக வாசலைத் தாண்டி, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கீழே மாமா நின்றார். அதே உயரம், அதே மீசை, அதே தலை வாரல். தங்கச்சி “அப்பா” என்று கத்திக்கொண்டு ஓடி அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, திரும்பி எங்கள் அப்பாவைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று இருவருக்கும் நடுவில் நின்றாள். அம்மா தம்பியின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“என்ன மருமோன்,” என்று மாமா என் தலையைக் குழப்பினார். “கப்பல்லை உனக்குத் தனிக் கட்டிலாமே. இண்டைக்கு அது எனக்கு. இப்பவே சொல்லிப்போட்டன்.”

அவர் பகிடி விட்டார். நான் பைக்குள் கைவிட்டு என் காட் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஊரை நான் ஓர் ஊர்சுற்றியின் கண்ணால் பார்க்கவில்லை, குடியேறப்போகிறவனின் கண்ணால் பார்த்தேன். தெருவுக்குத் தெரு தமிழ்ப் பலகை. பூக்கடை, புடவைக்கடை, நகைக்கடை, எல்லாவற்றிலிருந்தும் தமிழ்ப் பாட்டு. இங்கே விட்டால் பாஷைப் பிரச்சினை இல்லை என்று யோசித்துத்தான் இந்த இடத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கடைசி வாங்கில், கடைசிப் பெஞ்சில், இருக்கிறவனான நான், அன்று கண்ணில் பட்ட பலகை எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி உரத்து வாசித்தேன். “பாருங்கோ, என்ன வடிவா வாசிக்கிறான்,” என்று அம்மா பூரித்தார். பிள்ளை உயிர் பிழைக்கப் படிக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

காட்டை யாரும் பறிக்க முடியாத இடத்தில் வைக்கவேண்டும் என்று காலுறைக்குள் செருகினேன். கழிவறைக்குப் போனால் திரும்பி வரும்போது இவர்கள் இருக்கமாட்டார்கள் என்று, போகவே இல்லை. மத்தியானம் மாமா வேலை செய்த கடையில் வாழையிலையில் சாப்பாடு. முதலாளி கறிவாளியோடு வந்து என் கன்னத்தைக் கிள்ளினார்.

“இங்கயே இருந்துக்கிறியாடா தம்பி? மாமா பாத்துக்குவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் மணி கேட்டார். கப்பலின் வாசல் பின்னேரம் நாலு மணிக்குச் சாத்தப்படும். கையில் கடிகாரம் இல்லாத மனிதர் அடிக்கொருதரம் வெறும் மணிக்கட்டைப் பார்ப்பதும் என்னிடம் கேட்பதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் நான் ஐந்து நிமிடம் குறைத்துச் சொன்னேன். ஏன் என்று கேட்காதீர்கள். நேரத்தைப் பிடித்து வைத்தால் கப்பலையும் பிடித்து வைக்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

சாப்பாடு முடிந்ததும் அப்பா, “தம்பி, தலைமயிரை என்ரை மாதிரி ஒட்ட வெட்டிக்கொண்டு வா,” என்றார் மாமாவிடம். “நாங்கள் கோயில் வாசல்லை நிக்கிறம்.”

“அப்ப மருமோனையும் கூட்டிக்கொண்டு போறன். இவனுக்கும் காடு மண்டிப் போச்சு.”

“ஓம், கொண்டு போ,” என்றார் அப்பா. அப்படிச் சாதாரணமாக.

கைமாற்றம் நடந்துவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அப்பா கையைக் காட்டினார்.

சலூன் ஒரு ஒடுங்கிய கடை. மேலே காற்றாடி கிறீச்சிட்டது. முடி வெட்டுகிறவர் கதிரையின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு என்னைத் தூக்கி அதில் வைத்தார். வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டினார். கண்ணாடியில் துணியால் மூடப்பட்ட ஒரு சின்ன உருவமும், அதற்குப் பின்னால் அப்பாவைப் போலவே இருக்கிற, ஆனால் அப்பா இல்லாத ஒருவரும் தெரிந்தார்கள். நான் வாய்விட்டு அழத் தொடங்கினேன்.

“அட, இன்னும் கத்திரியே வைக்கலையே தம்பி,” என்றார் முடி வெட்டுகிறவர்.

மாமா குனிந்தார். “என்னடா?”

“மாமா, என்னை இங்கை விட்டிட்டுப் போகாதேங்கோ. நான் இனிக் குழாயைத் திறந்து விடமாட்டன்.”

“என்ன குழாய்? ஆர் உன்னை விடப்போறது?”

“நாலு காட்தான் இருக்கு. நீங்களும் ஏறினால் அஞ்சு பேர். ஒராள் இங்கை நிக்கவேணுமாம். அப்பா காருக்கை கதைச்சவர்.”

மாமா சிரித்துவிட்டார். “விசரா, அஞ்சு காட் இருக்கு. கப்பல்லை வேலை செய்யிற ஒருத்தன் எனக்கெண்டு ஒண்டு எடுத்துக் குடுத்திருக்கிறான். பாஸ்போட்டும் அவன்ரை பொறுப்பு. படத்திலை மீசையாம், அதுக்குத்தானே நான் இதை எடுக்காமல் வைச்சிருக்கிறன். அத்தான் எல்லாம் எனக்குச் சொன்னவர், உன்ரை கொம்மாக்கும் சொன்னவர்.”

“இல்லை மாமா. நான் ஒவ்வொரு நாளும் எண்ணினனான். அப்பான்ரை பொக்கெற்றிலை மூண்டு. இது என்ரை.” காலுறைக்குள்ளிருந்து மஞ்சள் காட்டை எடுத்துக் காட்டினேன். வியர்வையில் நனைந்திருந்தது. “அஞ்சாவது இல்லை.”

மாமாவின் சிரிப்பு, ஆள் வெளியே போன வீட்டில் அணைக்க மறந்த லைட்டைப்போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

“அப்பா காருக்கை வேறை என்ன சொன்னவர்?”

“ஆரை விடப்போறாய் எண்டு அங்கிள் கேட்டவர். அது என்ரை பாடு எண்டு அப்பா சொன்னவர். அம்மாக்குச் சொல்லவேண்டாமாம்.”

“கப்பல்லை அப்பா உன்னோடை எப்பிடி?”

“நல்ல ஆள். ஏசவே இல்லை. ஐஸ்கிரீம் வாங்கித் தந்தவர். அம்மான்ரை மருந்து எங்கை இருக்கு எண்டு காட்டித் தந்தவர். மணிக்கூட்டையும் எனக்குத் தந்திட்டார்.”

மாமா துணிக்குள் கைவிட்டு என் கையை வெளியே எடுத்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பார்க்கிறவர் அவ்வளவு நேரம் பார்க்கமாட்டார். பிறகு என்னைப் பலகையோடு கீழே இறக்கிவிட்டு, தான் அந்தக் கதிரையில் ஏறி இருந்தார்.

“முதல் எனக்குச் செய்யுங்கோ அண்ணை.”

“முடி வெட்டவா?”

“மீசையை எடுங்கோ.”

“எடுக்கவா? இவ்ளோ அருமையா வளத்து வச்சிருக்கீங்களேண்ணே.”

“எடுங்கோ. தலையையும் மொட்டை அடிச்சு விடுங்கோ.”

முடி வெட்டுகிறவர் கண்ணாடிக்குள் அவரைப் பார்த்தார். “வேண்டுதலாண்ணே?”

“ஓம்,” என்றார் மாமா. “வேண்டுதல்தான்.”

மீசை போனது. பிறகு முன் மண்டை, பின் மண்டை. நான் ஒரு வாங்கில் இருந்து விக்கலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பாதித் தலை வழுக்கையும் பாதித் தலை காடுமாக அவர் என் பக்கம் திரும்பி கண்ணை முழுசிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. எல்லாம் முடிந்து எழுந்து நின்றவர் தேங்காய்க்கு உடுப்புப் போட்டதுபோல இருந்தார்.

“என்ன மருமோன், வடிவா இருக்கிறனா?”

“கள்ளன் மாதிரி இருக்கிறியள்.”

“இனி என்னைப் பாத்து ஆரும் உன்ரை அப்பா எண்டு நினைப்பினமா?”

“ஒருத்தரும் நினைக்கமாட்டினம்.”

“அப்ப சரி,” என்றார். “இனி ஏறு கதிரையிலை.”

கோயில் வாசலில் தங்கச்சி மாமாவைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அப்பா படியில் இருந்து எழும்பினார்.

“என்னடா செய்தனி?”

“ஒரு வேண்டுதல் இருந்தது அத்தான்.”

“இண்டைக்கோ? இண்டைக்கோடா செய்யிறது?”

“இண்டைக்கு விட்டால் இனி எப்ப?”

அப்பா கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழுந்த சத்தம் கேட்கவில்லை. திறந்து பார்த்தால், ஓங்கிய கை மாமாவின் மொட்டைத் தலையின் மேல் இருந்தது. அப்படியே வைத்திருந்தார். வழுவழுப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் தடவிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “மொட்டை எண்டால் என்ன? அந்த அஞ்சாவது காட்டிலை ஏறேலாதோ?”

“ஏலாது அக்கா,” என்றார் மாமா, அப்பாவைப் பாராமல். “அந்த ஆள் படத்தோடை ஒத்துப் பாப்பானாம். அப்பிடித்தானே அத்தான்?”

“ஓம்,” என்றார் அப்பா. “பாப்பான்.”

அம்மா தம்பியின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தார். “விசரன், விசரன். இவ்வளவு நாள் காத்திருந்து...” என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அடித்துக் களைத்ததும் தோளில் இருந்த பையை இறக்கி அவருடைய கையில் கொடுத்தார். “நல்ல காலம், தூள் கொண்டந்தன்,” என்றார்.

துறைமுகத்துக்குத் திரும்பி நடக்கும்போது எங்கள் கூட்டத்தில் துள்ளிக்கொண்டு போனது நான் ஒருவன்தான். சலூனில் கழிவறைக்கும் போய்விட்டிருந்தேன். உடம்பும் மனமும் ஒருசேர இலேசாக இருந்தது. காட் இல்லாதவர்கள் தாண்டக்கூடாத வாசலில் மாமா நின்றார். குந்தியிருந்து என் சப்பாத்துக் கயிற்றைச் சரிசெய்தார்.

“பாத்தியா, ஒருத்தரையும் விட்டிட்டுப் போகேல்லை.”

“நீங்கள்?” என்று கேட்டேன், பேச்சுக்கு.

“நான் முதலே இங்கை நிண்ட ஆள். என்னைக் கணக்கிலை சேர்க்கிறேல்லை.”

இந்தக் கணக்கு எனக்குப் பிழையில்லாமல் பட்டது. தலையை ஆட்டினேன்.

மாமா பிறகு சில வருடங்கள் கழித்து வேறு வழியாக நோர்வே போய்ச் சேர்ந்தார். அங்கே குடும்பம், பிள்ளைகள், சொந்த வீடு. அந்த வருடங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் பகிடி விட்டுத் தப்பிவிடுவார். அப்பா காலமான பிறகு, றிச்மண்ட் ஹில் கோயிலில் ஏதோ பூசைக்குப் போய்த் திரும்பும்போதுதான் அம்மா காருக்குள் எனக்கு மிச்சக் கதையைச் சொன்னார். பினாங்கில் நிற்கத் தீர்மானித்திருந்தது அப்பாதானாம், அஞ்சாவது காட் என்பதே பொய்யாம். மாமா அப்பாவின் காட்டோடு ஏறி, சிங்கப்பூரில் அப்பாவின் பாஸ்போர்ட்டை வாங்கி, எங்களோடு அப்பாவாகவே டொராண்டோ வந்திறங்குவது ஏற்பாடு. கப்பலைத் தவறவிட்டேன், பாஸ்போர்ட் அதோடு போய்விட்டது என்று தூதரகத்தில் சொல்லி, அப்பா பிறகு வருவாராம். அகப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தன்னோடு மட்டும் வைத்துக்கொண்டாராம். அம்மாவுக்கே பல வருடம் கழித்துத்தான் சொன்னாராம். சலூனில் நான் அழுததைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நான் காரை ஓரமாக நிறுத்தினேன். ஏன் என்று கேட்டார். டயரில் ஏதோ சத்தம் கேட்குது என்று சொல்லி, இறங்கிப் போய்க் குனிந்து நல்ல டயரை நெடுநேரம் பார்த்தேன்.

அன்று இதொன்றும் தெரியாது. வாசலில் நின்ற கப்பல்காரன் எங்கள் காட்டுகளை வாங்கி, தலைகளை எண்ணி, சரி என்றான். நான் மேல்தட்டுக்கு ஓடிப்போய்க் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கப்பல் ஊதியது. கரை மெல்ல விலகியது. ஆட்கள் சிறுத்துக்கொண்டே போனார்கள், ஆனால் மாமாவின் மொட்டை வெயிலில் மினுங்கியபடியால் கனநேரம் அடையாளம் தெரிந்தது. அவர் தூள் பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கை காட்டினார். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, எம்பி எம்பிக் குதித்து ஆட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் கை காட்டியதில்லை. இப்போதும் டொராண்டோ வந்தால் மாமா அதைச் சொல்லுவார். அந்தத் தூரத்திலும் இந்தப் பெடியனுக்குத் தன்னில் எவ்வளவு பாசம் என்று தெரிந்ததாம்.

அம்மா அறைக்குள் போய்விட்டார். அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்று என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். பிடி வரவர இறுகியது. எலும்பு நொந்தது. நான் துள்ளுகிற துள்ளலில் கடலுக்குள் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

“விடுங்கோ அப்பா,” என்றேன். “நான் விழமாட்டன்.”

அவர் விடவில்லை.